கூடையில் மிஞ்சிய கறுப்புக் கல்: ஆனந்த குமாரசுவாமியின் விஞ்ஞான வாழ்க்கை

பம்பலப்பிட்டியிலிருந்து நகர மண்டபப் பக்கம் போகிறவர்கள் விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டிச் செல்லும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையைக் கடந்திருப்பார்கள். பழைய ஆக்கள் இன்னும் அதைக் 'கிறீன் பாத்' என்றுதான் சொல்வார்கள். பாதையோரத்தில் ஓவியங்களை நிறுத்தி வைத்து விற்கிறார்கள். தேசிய கலாபவனமும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பெயருக்குரியவர் கலை பற்றி எழுதிய ஒருவர் என்று எண்ணிக்கொண்டு போய்விடுகிறோம். எண்ணுவது பிழையில்லை. ஆனால் அது அவருடைய வாழ்க்கையின் பின்பாதி மட்டுமே.

உயர்தர வகுப்பில் ஒரு நாள் அவருடைய பெயர் வந்தபோது, மாணிக்க வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளையொன்று எழும்பி, "சேர், அவர் கல்லையும் பார்த்த மனிசனாமே, மெய்யா?" என்று கேட்டது. மெய்தான். இந்த நாட்டின் மாணிக்க மண்ணிலிருந்து உலக விஞ்ஞானத்துக்குப் போன ஒரு கதிர்வீசும் கனிமத்தோடு அவருடைய பெயர் சேர்ந்திருக்கிறது. வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்த அந்தப் பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். கல்லோடு நூற்றாண்டுக் கணக்காகப் பழகி வந்த சமூகம் எங்கட சமூகம். ஆகவே இந்தக் கதை எங்களுக்கும் உரியது.

கொள்ளுப்பிட்டியில் பிறந்தவர்

ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, இலங்கைத் தமிழர். சட்டவாக்க சபை உறுப்பினர். இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர்களில் கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத முதல் மனிதர் என்று பேசப்படுபவர். தாய் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தவர். மகனின் நடுப்பெயர் அங்கிருந்து வந்தது.

சோனகரின் இனவரலாறு குறித்துப் பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் வெளியிட்ட கருத்தையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூலாக எழுதிய மறுப்பையும் இத்தகைய சஞ்சிகைகளின் வாசகர்கள் நன்கு அறிவார்கள். அந்த இராமநாதனின் தாய்மாமன்தான் முத்துக்குமாரசுவாமி. ஆகவே ஆனந்த, இராமநாதனுக்கு மாமன் மகன். அரசியல் வாதங்களில் நிறைந்திருந்த அந்தக் குடும்பத்திலிருந்து மண்ணைக் கிளறிப் பார்க்கப் போனவர் இவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே, 1879 இல் தந்தை காலமானார். தாயோடு இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்த, வைக்ளிஃப் கல்லூரியில் பள்ளிப் படிப்பை முடித்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900 இல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் அப்போது இரசாயனப் பேராசிரியராக இருந்தவர் சேர் வில்லியம் ராம்சே. சூரியனில் மட்டும் இருப்பதாக எண்ணப்பட்ட ஈலியம் என்ற வாயுவை 1895 இல் பூமியின் கனிமம் ஒன்றிலிருந்து பிரித்துக் காட்டியவர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதை சுற்றிக்கொண்டு அவரிடமே போய்ச் சேரும்.

எத்தெல் பார்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்துகொண்டு இலங்கை வந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவைப் பணியின் பணிப்பாளராக இருந்தார். இன்று புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் செய்யும் வேலைக்கு அதுவே ஆரம்பம். காட்டிலும் வயலிலும் ஆற்றங்கரையிலும் நடந்து பாறைகளைப் பார்ப்பது, மாதிரி எடுப்பது, எழுதி வைப்பது அவருடைய தொழில். இந்தக் கள ஆய்வே அவருக்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது.

கழுவிய பிறகு மிஞ்சுவது

இரத்தினபுரி, பலாங்கொடைப் பக்கம் போய் மாணிக்கக் குழி பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். குழியிலிருந்து 'இல்லம்' என்று சொல்லும் மாணிக்கப் பருக்கை மண்ணை மேலே ஏற்றுவார்கள். ஓடையில் இறங்கிக் கூடையிலிட்டு வட்டமாகச் சுழற்றிக் கழுவுவார்கள். களியும் மணலும் தண்ணீரோடு போய்விடும். பாரமான கற்கள் கூடையின் நடுவில் அடியில் தங்கும். அந்த மிச்சத்தைத்தான் 'நம்புவ' என்கிறார்கள். அனுபவக்காரர் ஒருவர் அதைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பார். நீலமும் சிவப்பும் மஞ்சளும் எடுக்கப்படும். மற்றதெல்லாம் வீசப்படும்.

இந்தக் கழுவலில் ஒரு பௌதிகவியல் விதி வேலை செய்கிறது. தண்ணீரைவிட எத்தனை மடங்கு பாரம் என்பதைத் தன்னீர்ப்பு என்போம். சாதாரண வெண்மணல் ஏறக்குறைய 2.65. நீலக்கல் 4. சிர்கோன் 4.7 வரை போகும். கூடையைச் சுழற்றுகிறவர் இந்த எண்களைப் படித்ததில்லை. ஆனால் அவருடைய மணிக்கட்டு அதைக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கூடைகளின் அடியில் வேறொன்றும் தங்கியது. கறுப்பு நிறம், சிறிய கனசதுர வடிவம், தண்ணீரில் உருண்டு மழுங்கிய மூலைகள். பெரியது என்றாலும் ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் பெரும்பாலும் இராது. ஆனால் கையில் வைத்தால் ஈயம் போலக் கனக்கும். அதன் தன்னீர்ப்பு 9 ஐயும் தாண்டும். ஒளி ஊடுருவாது, பட்டை தீட்டினால் மினுங்காது, மோதிரத்தில் பதிக்க உதவாது. கல்லுக்காரருக்கு அதனால் ஒரு சதமும் இல்லை.

குமாரசுவாமி அந்தக் கறுப்புக் கல்லை விடவில்லை. 1904 இல் அதை யுரேனியம் கொண்ட 'யுரேனினைற்று' என்ற கனிமமாக இனங்கண்டார். மாதிரிகள் இலண்டன் இம்பீரியல் இன்ஸ்ரிரியூட்டுக்குப் போயின. அதன் பணிப்பாளர் வின்டம் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது யுரேனியம் சிறு பங்கே இருந்தது; பெரும்பங்கு தோரியம். அதுவரை விஞ்ஞானம் அறியாத புதிய கனிமம் அது. 'தோரியனைற்று' என்று டன்ஸ்ரன் பெயர் வைத்தார். முதல் இனங்காணலில் ஒரு பிழை இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. பாரத்தையும் வடிவத்தையும் பார்த்து "இது சும்மா கல் அல்ல" என்று முடிவெடுத்து அனுப்பியதே முதல் படி. சரியான பெயர் இரண்டாவது படியில் வந்தது. விஞ்ஞானம் இப்படித்தான் கைமாறி நடக்கும்.

அந்தக் காலத்தில் தோரியத்துக்கு நல்ல விலை இருந்தது. ஏன் என்று கேட்டால், எங்கட மூத்தாப்பாமார் காலத்துக் கலியாண வீடுகளையும் மௌலித் மஜ்லிஸ்களையும் நினைத்துப் பாருங்கள். மின்சாரம் வராத ஊர்களில் பெற்றோமக்ஸ் விளக்கு 'உஸ்' என்று இரைந்துகொண்டு எரியும். அதனுள்ளே துணிப்பை போல ஒன்று வெள்ளை வெளேரென்று ஒளிரும். அதுதான் மென்டில். ஒஸ்திரியரான அவுவர் வொன் வெல்ஸ்பாக் என்பவர் தோரியம் ஒட்சைட்டோடு நூற்றுக்கு ஒரு பங்களவில் சீரியம் சேர்த்து அதை உருவாக்கினார். ஐரோப்பிய நகரங்களின் வாயு விளக்குகள் எல்லாம் அந்த மென்டிலில்தான் எரிந்தன. தோரியம் கதிர்வீசும் பொருள் என்பதால் இப்போது பெரும்பாலும் வேறு மூலகங்களைச் சேர்த்து மென்டில் செய்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது எப்படி?

கதிர்த்தொழிற்பாடு என்றால் என்ன? சில மூலகங்களின் அணுக்கரு நிலைத்து நிற்காது. தானாகவே உடைந்து, துணிக்கைகளையும் கதிர்களையும் வெளியேற்றி வேறு மூலகமாக மாறும். நெருப்பு வைக்கத் தேவையில்லை, நிறுத்தவும் ஏலாது. தோரியத்தின் அரைவாசி மாறி முடிய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் எடுக்கும். இந்தக் கதிரைக் கண்ணால் பார்க்க முடியாது, தொட்டாலும் தெரியாது. ஆகவே இந்தத் துறையின் முழு வரலாறும் ஒரே கேள்வியில் தொங்குகிறது: தெரியாத கதிரைத் தெரியச் செய்யும் பொருள் எது?

முதல் விடை புகைப்படத் தகடு. 1896 இல் பிரான்சில் ஹென்றி பெக்கரல், கறுத்தத் தாளில் பொதிந்த தகட்டை யுரேனிய உப்பு கருக்கியதைக் கண்டார். தோரியனைற்றுத் துண்டொன்றை இருட்டில் படச்சுருளின்மேல் சில நாட்கள் வைத்தாலும், கல் தன் படத்தைத் தானே பதித்துவிடும்.

இரண்டாவது விடை, பாடசாலை ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் பார்க்கும் பொன்னிலை மின்காட்டி. மின்னேற்றினால் இரண்டு பொன்னிலைகளும் விலகி நிற்கும். கதிர்வீசும் கல் கிட்ட வந்தால் காற்று மின்னைக் கடத்தத் தொடங்கும், இலைகள் சுருங்கும். எவ்வளவு விரைவில் சுருங்குகிறது என்று பார்த்துக் கதிரின் வலிமையை அளக்கலாம்.

இதை நுட்பமாக அளந்தவர் மேரி கியூரி. 1898 இல் தோரியமும் கதிர்வீசுகிறது என்று கண்டுபிடித்தவர்களில் அவர் ஒருவர். அவருடைய அளவைக் கருவியின் உள்ளே ஒரு குவார்ட்ஸ் பளிங்கு இருந்தது. பளிங்கை அழுத்தினாலோ இழுத்தாலோ அதில் மின்னேற்றம் தோன்றும் என்பதை அவருடைய கணவர் பியேர் கியூரியும் சகோதரர் ஜாக்கும் 1880 இல் நிறுவியிருந்தார்கள். அந்தச் சகோதரர்கள் பரிசோதித்த பளிங்குகளில் ஒன்று டூர்மலின். எங்கட கல்லுக்காரர் 'தோரமல்லி' என்கிற அதே கல். ஐரோப்பியப் பெயரே இலங்கைப் பேச்சிலிருந்து போனதுதான். 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து அதைக் கொண்டுபோன ஒல்லாந்தர், சூடாக்கினால் அது சாம்பலை ஈர்ப்பதைக் கண்டு 'சாம்பல் இழுப்பான்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இலங்கைக் கல் ஒன்றின் விளையாட்டில் தொடங்கிய ஆராய்ச்சி, இலங்கைக் கல் இன்னொன்றின் கதிரை அளக்கும் கருவி வரை வந்திருக்கிறது.

மூன்றாவது விடை மினுங்கும் பொருட்கள். நாக சல்பைட்டுத் திரையில் கதிர்த் துணிக்கை மோதினால் ஒரு சிறு ஒளிப்பொட்டு தோன்றி மறையும். 1903 இல் வில்லியம் குரூக்ஸ் இதைச் சிறு கருவியாக ஆக்கினார். ரதர்ஃபோர்ட்டின் ஆய்வுகூடத்தில் இளைஞர்கள் இருட்டறையில் குந்தியிருந்து அந்தப் பொட்டுகளைக் கண்ணால் எண்ணித்தான் அணுவின் நடுவில் கரு இருப்பதற்கான சான்றைப் பெற்றார்கள். 1948 இல் ரொபர்ட் ஹொஃப்ஸ்டாட்டர் என்ற அமெரிக்கர், சிறிதளவு தாலியம் சேர்த்த சோடியம் அயடைட்டுப் பளிங்கு இதைவிட நன்றாக வேலை செய்வதைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன், தைரொயிட் ஸ்கேன் எடுத்த யாராவது வீட்டில் இருந்தால், அந்தக் காமா கமெராவின் உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்தப் பளிங்குதான். இத்தகைய பொருட்களை உருவாக்குவதற்கென்றே உக்ரேனின் கார்கிவ் நகரில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஒரு பளிங்கைக் குறையில்லாமல் வளர்ப்பதற்கே தங்கள் ஆயுளைக் கொடுத்த பௌதிகவியலாளர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள்.

இலண்டனில் கல்லுக்கு நடந்தது

இலங்கைத் தோரியனைற்றில் ஒரு தொகை ராம்சேயின் கைக்கு வந்தது. ஆம், குமாரசுவாமி படித்த அதே கல்லூரிக்கு. ராம்சேக்கு அதில் இரண்டு ஆசை: உள்ளே அடைபட்ட ஈலியம், பிரித்தெடுக்கக்கூடிய ரேடியம். 1904 இன் பிற்பகுதியில் ஜேர்மனியிலிருந்து ஓர் இளைஞர் ஆங்கிலம் பழகுவதற்காகவும் அனுபவம் பெறுவதற்காகவும் அவரிடம் வந்தார். பெயர் ஒட்டோ ஹான். அதுவரை கதிர்த்தொழிற்பாட்டில் வேலை செய்தவர் அல்ல. தோரியனைற்றிலிருந்து பெற்ற ஏறக்குறைய 100 கிராம் பேரியம் உப்பைக் கொடுத்து, "இதிலுள்ள ரேடியத்தைப் பிரித்தெடு" என்றார் ராம்சே.

ஹான் பிரிக்கப் பிரிக்க, ரேடியத்தோடு பொருந்தாத இன்னொரு வலிமையான கதிர்வீச்சு தனியே வந்தது. 1905 இல் அதற்கு 'ரேடியோதோரியம்' என்று பெயரிட்டார். அது தோரியத்தின் ஒரு சமதானி என்று இன்று அறிவோம். அதன் அரைவாசி மறைய இரண்டு ஆண்டுகூட எடுக்காது. இரசாயனத் தொழிற்சாலையில் வேலைக்குப் போக இருந்த ஹானை அந்தக் கண்டுபிடிப்பு வேறு பாதைக்குத் திருப்பியது. மொன்றியலில் ரதர்ஃபோர்ட்டிடம் பயின்று, பெர்லின் திரும்பி, லீசே மைட்னரோடு பல ஆண்டுகள் உழைத்தார். 1938 இன் இறுதியில் ஸ்ட்ராஸ்மனோடு சேர்ந்து செய்த பரிசோதனையில் யுரேனியக் கரு இரண்டாகப் பிளந்தது. அதன் கருத்தை விளக்கியவர்கள் மைட்னரும் அவருடைய மருமகன் ஃப்ரிஷும். 1944 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு ஹானுக்குக் கிடைத்தது. அணு மின்னிலையமும் அணுகுண்டும் அந்தப் பிளவிலிருந்து வந்தவை. அவற்றின் நன்மை தீமைக்குச் சப்ரகமுவ ஓடையில் கிடந்த கல் பொறுப்பல்ல. ஆனால் அந்த மனிதரை அந்தத் துறைக்குள் இழுத்தது அந்தக் கல்தான்.

ஈலியத்தின் கதையும் உண்டு. தோரியமும் யுரேனியமும் உடையும்போது வெளிவரும் அல்பாத் துணிக்கை உண்மையில் ஈலியத்தின் கருவே. கல்லுக்குள் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். தோரியனைற்றைச் சூடாக்கினால் அதன் சொந்தக் கனவளவைவிடப் பல மடங்கு ஈலியம் வெளியேறும். ஆண்டுக்கு எவ்வளவு உண்டாகிறது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் கல்லின் வயதைச் சொல்லிவிடலாம். 1910 அளவில் இலண்டனில் ரொபர்ட் ஸ்ட்ரட் இந்த வழியில் இலங்கைத் தோரியனைற்றை ஆராய்ந்தார். பூமியின் வயதைக் கணக்கிடும் கலை தவழ்ந்த காலத்தில் அதன் கையைப் பிடித்தவற்றுள் இந்தக் கறுப்புக் கல்லும் ஒன்று.

காயத்தை மறக்காத கற்கள்

இதே மண்ணில் கதிரை வேறொரு விதமாகப் பதிவுசெய்யும் கல்லும் கிடைக்கிறது. மாத்தறைப் பக்கத்து வெள்ளைச் சிர்கோனை அந்தக் காலத்தில் 'மாத்தறை வைரம்' என்று விற்றார்கள். சிர்கோனுக்குள் இயற்கையாகவே சிறிது யுரேனியமும் தோரியமும் இருக்கும். அவை உடையும் ஒவ்வொரு முறையும் பளிங்கின் அணு ஒழுங்கில் ஒரு சிறு சிதைவு. இலங்கைச் சிர்கோன்களின் வயது 55 கோடி ஆண்டுக்கும் மேல். அவ்வளவு காலம் அடி வாங்கிய சில கற்கள் பளிங்குத் தன்மையையே இழந்து பச்சையாகி வீங்கியிருக்கும். தன்னீர்ப்பு 4.7 இலிருந்து 4 க்குக் கீழும் இறங்கும். வியாபாரிகள் பச்சைச் சிர்கோன் என்று தனியே வைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

1955 இல் ஹொலண்ட், கொட்ஃப்ரைட் என்ற இருவர் இலங்கைச் சிர்கோன்களை வைத்தே இந்தச் சிதைவைப் படிப்படியாக அளந்தார்கள். அணுக்கழிவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எந்தப் பொருளுக்குள் பூட்டி வைக்கலாம் என்று ஆராய்கிறவர்கள் இன்றும் எங்கட சிர்கோனைத் தேடுகிறார்கள். அவ்வளவு நீண்ட காலப் பரிசோதனையை எந்த ஆய்வுகூடத்திலும் செய்ய ஏலாது. இங்கே மண்ணுக்குள் அது நடந்து முடிந்திருக்கிறது. 1986 இல் உக்ரேனின் செர்னோபில் அணு உலை உருகியபோதும் அந்தக் குழம்பு இறுகி யுரேனியம் நிறைந்த சிர்கோன் வகைப் பளிங்குகள் உண்டாகியிருந்தன.

1953 இல் எஹெலியகொடையில் எஃப்.எல்.டி. ஏக்கநாயக்க கண்டெடுத்த பச்சைக் கல்லும் இந்த வரிசைதான். 1961 இல் அது புதிய கனிமம் என உறுதியாகி, அவருடைய பெயராலேயே 'ஏக்கனைற்று' ஆயிற்று. அதில் கால் பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு. பார்க்க அழகு, மோதிரமாகப் போடுவதற்கு உரியதல்ல.

அல்பிரூனியின் தராசு

கல்லைக் கண்ணால் மட்டும் நம்பாமல் கருவியால் அளப்பது எங்கட மரபுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல. அபூ ரைஹான் அல்பிரூனி (973–1048) இரத்தினங்களைப் பற்றியே 'அல்ஜமாஹிர்' என்ற நூலை எழுதினார். ஸரன்தீபின் யாகூத்து அதில் பேசப்படுகிறது. கல்லை நீர் நிறைந்த கூம்புப் பாத்திரத்திலிட்டு, குழாய் வழியே வழிந்த நீரை நிறுத்து, ஒவ்வொரு கல்லின் பாரத்தையும் ஒப்பிட்டார். இரத்தினங்களுக்கு அவர் அடிப்படை அளவாக எடுத்தது நீல யாகூத்தை. அதை 100 என்று வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டார். இரத்தினபுரிக் கூடையில் மணிக்கட்டு செய்கிற கணக்கை ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் தராசில் வைத்து எண்ணாக்கினார். பேருவளைக் கல்லுக்காரரின் கண்ணும் அல்பிரூனியின் தராசும் ஒரே குடும்பத்து இரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளையை நாங்கள் வளர்த்தோம். மற்றதைக் கைவிட்டுவிட்டோம்.

விஞ்ஞானி ஏன் போனார்?

கல் தேடி ஊர் ஊராக நடந்த குமாரசுவாமியின் கண்ணில் வேறொன்றும் பட்டது. கண்டிச் சீமையின் தச்சர், கொல்லர், நெசவாளர், தந்தவேலைக்காரர் ஆகியோரின் கைத்தொழில் அழிந்துகொண்டிருந்தது. இறக்குமதிச் சாமானுக்கு முன்னால் அவர்களுடைய வேலைக்கு விலை இல்லை. நம்புவவில் கிடந்த கறுப்புக் கல்லைப் போல, பார்க்க ஆளில்லாமல் அவர்களும் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். மாதிரி எடுத்து, வகைப்படுத்தி, விவரம் எழுதும் புவிச்சரிதவியலாளரின் பழக்கத்தை அப்படியே எடுத்து அவர் இந்த மனிதர்களிடம் கொண்டுபோனார். எத்தெல் படம் பிடித்தார். 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூல் ஆங்கிலத்தில் வந்தது. வில்லியம் மொரிஸ் பாவித்த அச்சியந்திரத்தில் 425 பிரதிகள் மட்டும் அச்சானது.

பிறகு அவர் கனிமத்துக்குத் திரும்பவில்லை. 1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்தில் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பானார். எங்களுக்குச் சுவையான ஒரு செய்தி: 1924 இல் அவர் வெளியிட்ட நூல்களுள் ஒன்று, அல்ஜஸரியின் இயந்திர நூலிலிருந்து எஞ்சிய சித்திர ஏடுகளைப் பற்றியது. 1206 இல் தியார்பக்கிரில் எழுதி முடிக்கப்பட்ட அந்த நூல் நீர்க்கடிகாரங்களையும் தானியங்கும் பொறிகளையும் படத்தோடு விளக்குவது. பொஸ்ரனில் உட்கார்ந்து அந்த ஏடுகளைப் பார்த்தபோது அவருக்குள் இருந்த விஞ்ஞானியும் கலைஞரும் ஒரே மேசையில் சந்தித்திருப்பார்கள். 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி மசாசுசெற்ஸ் மாநிலத்தின் நீடம் ஊரில் காலமானார்.

இன்னொரு முறை வீசிய கல்

தோரியனைற்றுக் கதையில் எங்களுக்குக் கிடைக்க வேண்டிய பாடம் கிடைத்ததா? இல்லை என்றே சொல்ல வேண்டும். பால் போல மங்கிய 'கெவுட' கல்லை எல்லோரும் அறிவார்கள். விலை போகாத கல் என்று ஒதுக்கி வைத்திருந்ததை 1970 களில் தாய்லாந்துக்காரர் மலிவாக வாங்கிப் போனார்கள். 1,600 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கினால், உள்ளே நூல் போலக் கிடக்கும் டைட்டேனியக் கனிமம் கரைந்து, இரும்போடு சேர்ந்து நீல நிறம் தருகிறது. விற்றவர்களுக்கு அந்த இரசாயனம் தெரியவில்லை. கல் எங்கட மண்ணில் கிடந்தது, அதைப் பார்க்கும் கண்ணும் எங்களிடம் இருந்தது. கல்லுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விதான் எங்களிடம் இருக்கவில்லை.

கதிர்வீச்சு இப்போது கல் வியாபாரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நிறமற்ற புஷ்பராகத்தைக் கதிரில் வைத்துச் சூடாக்கி நீலமாக்குகிறார்கள். அணு உலையில் வைத்ததாயிருந்தால், கல்லின் கதிர் அடங்கும் வரை காத்திருந்துதான் விற்பனைக்கு விடவேண்டும். வெளிறிய நீலக்கல் இனத்தைக் கதிரூட்டினால் அழகான மஞ்சள் ஏறும். வெயிலில் வைத்தால் சில நாட்களில் அந்த நிறம் இறங்கிவிடும். வாங்குகிறவருக்கு இதைச் சொல்லாமல் விற்பது ஹலாலா? தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு கண்டித்த நபிகளாரின் (ஸல்) வரலாறு எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையை இன்று கல்லுக்குள் விடுவதற்குக் கருவி வேண்டும், அதைப் படித்த ஆள் வேண்டும்.

பாதுகாப்பும் ஒரு விடயம். பாரமான கறுப்புக் கனசதுரக் கல்லோ, என்னவென்று தெரியாத பச்சைக் கல்லோ கிடைத்தால் படுக்கையறை அலுமாரியில் வைக்காதீர்கள். தோரியம் உடையும்போது ஒரு கதிர்வீசும் வாயுவும் வெளிவரும். தூள் பறக்க அரைக்கக் கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய கேடு. தொட்டால் கையைக் கழுவிவிட்டு, பரிசோதிக்கக் கொடுங்கள். இலங்கை அணுசக்திச் சபை இருப்பது இந்த மாதிரியான வேலைகளுக்கும்தான். பேருவளைக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மொனசைட்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே நடக்கப் பயப்பட வேண்டியதில்லை. கடற்கரையில் நடப்பது வேறு, கல்லைச் சேர்த்து வீட்டுக்குள் வைப்பது வேறு.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இப்போது முழு விடை சொல்லலாம். ஆம் மகன், அவர் கல்லையும் பார்த்த மனிசன்தான். மற்றவர்கள் எடுத்த கல்லை அவரும் எடுத்திருந்தால் அவருடைய பெயர் இந்தக் கதையில் வந்திராது. மற்றவர்கள் வீசியதை எடுத்து, "இது ஏன் இவ்வளவு கனக்கிறது?" என்று கேட்டார். கல் குடும்பத்துப் பிள்ளைகள் உயர்தரத்தில் பாடம் தெரியும்போது "வியாபாரத்துக்கு எதுக்கு பிஸிக்ஸ்?" என்று வாப்பாமார் கேட்பது வழக்கம். இந்தப் பிள்ளையின் வாப்பாவும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். அவரை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சந்திப்பேன். இந்தக் கட்டுரையின் ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோக எண்ணியிருக்கிறேன்.